தீப்பிடிக்காத பஞ்சு

பூன் லே, சிங்கப்பூர்
3-12-1982

அன்பு மதலேனா அக்காவுக்குத் தங்கை பிலோமினம்மாள் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் வீட்டுக்காரரும் மகள் செசிலியும் இங்கே நல்லபடி இருக்கிறோம். நீயும் ஆம்ப்ரோஸ் அத்தானும் அந்தக் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கிறீர்களா? அத்தானின் முட்டிவலிக்குத் தைலம் போதுமா, இன்னும் அனுப்பவா? செம்பவாங்கில் வெள்ளைக்காரன் கப்பல்தளத்தை மூடியதும் அவனோடு நீங்களும் கிளம்பினீர்கள். அவனாவது சொந்த ஊருக்குப் போனான், உங்களுக்கு என்ன வந்தது என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வருஷம் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் பொறுப்பு எங்கள் தலையில். போன வருஷம் மெழுகுவர்த்தி சாய்ந்து, குடிலில் போட்டிருந்த பஞ்சு குப்பென்று பற்றி, மூன்று ராஜா பொம்மைகளில் ஒருவர் கருகிப் போனதை எழுதியிருந்தேனே. இந்தத் தடவை அந்தப் பயமே இல்லை. இவர் ஜூரோங்கில் கப்பல் பழுதுபார்க்கிற பட்டறையில் பஞ்சு வேலைதானே செய்கிறார்? இஞ்சின் அறையில் சூடான குழாய்களைச் சுற்றிப் பொதிகிற அந்தப் பஞ்சை நெருப்பில் போட்டாலும் எரியாது. மிச்சம் விழுந்ததில் ஒரு சாக்கு கொண்டுவந்தார். பாலன் இயேசுவின் தொட்டிலுக்கு, கூரைமேல் பனிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். செசிலியும் மறைக்கல்விப் பிள்ளைகளும் ஒருவர் தலையில் ஒருவர் அள்ளிப் போட்டு விளையாடினார்கள். கூட்டிப் பெருக்கிய எனக்குத்தான் கொஞ்சம் இருமல். மழைக்காலம், தானாகப் போய்விடும்.

உன் வீட்டுக் குடிலுக்கும் ஒரு பிடி இந்தக் கார்டுக்குள் வைத்திருக்கிறேன். உன் ஊரில் நிஜப் பனியே கொட்டும், இருந்தாலும் இது தங்கை அனுப்பிய பனி.

பாலன் பிறப்பு உங்கள் வீட்டுக்கும் மகிழ்ச்சி கொண்டுவரட்டும்.

உன் பிலோமி


போர்ட்ஸ்மவுத், இங்கிலாந்து
16-12-1982

என் பிலோமிக்கு அக்கா எழுதுவது. கார்டு வந்தது. உங்கள் எல்லோருக்கும் விழா வாழ்த்து. அத்தானின் முட்டி அவர் வாயைப் போல, ஓய்வதில்லை. தைலம் அனுப்பு.

நீ அனுப்பிய பஞ்சைக் குடிலில் வைத்தேன். மறுநாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி டாலி அம்மாள் தேநீர் குடிக்க வந்தாள். விதவை. அவள் புருஷனும் கப்பல்களில் குழாய் பொதிகிற வேலை பார்த்தவர். குடிலைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள். என் தங்கை அனுப்பிய பஞ்சு என்றேன். "இது பஞ்சே இல்லை, மதலேனா. இதை மூச்சில் இழுத்துத்தான் என் வீட்டுக்காரர் செத்தார்" என்றாள். அவளே அதன்மேல் தண்ணீர் தெளித்து, பையில் கட்டி எடுத்துப் போனாள்.

இதன் பெயர் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறாள். இந்த வருஷம் இங்கே தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். அதன் தூள் நெஞ்சுக்குள் போய்ப் பல வருஷம் சும்மா கிடந்து, பிறகு புற்றுநோயாகக் கிளம்புமாம். நீ உடனே கோயில் குடிலில் இருப்பதை ஈரமாக்கி அள்ளிப் போடச் சொல். பிள்ளைகளைக் கிட்டே விடாதே. அந்த இருமல் நின்றதா? உண்மையை எழுது.

மதலேனா


பூன் லே
9-1-1983

அன்பு அக்காவுக்கு. புது வருஷ முத்தங்கள். நாங்கள் சுகம்.

உன் கடிதம் வந்து சேர்ந்தபோது மூன்று ராஜாக்கள் வந்த திருக்காட்சித் திருநாள் முடிந்து குடிலே பிரித்தாயிற்று. நீ சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரைத் தகடு அல்லவா? நம் கோயில் சைக்கிள் கொட்டகைக்குப் போட்டிருக்கிறதே, அதுதான். மண்டையில் விழுந்தால் மண்டை பிளக்கும். இது பஞ்சு, அக்கா. கையில் வைத்தால் முயல்குட்டி போல இருக்கும். தகடு எங்கே, பஞ்சு எங்கே? உன் டாலி அம்மாளுக்குப் புருஷன் ஞாபகம் வந்துவிட்டது போல, பாவம்.

செசிலி மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். இவர்தான் இப்போது துணி உலர்த்துகிறார். ஜன்னலுக்கு வெளியே ஈரத்துணியோடு மூங்கில் கழியை நீட்டிச் செருகுவது பெரிய பாடல்லவா, எனக்குக் கொஞ்சம் கைவலி. கீழ்வீட்டு ஜரீனா, "அக்கா, ஒங்க வீட்டுக்காரரு ரொம்ப நல்லவரு லா!" என்று இந்த ஊர் ‘லா’வை இழுத்துத் தினமும் கேலி செய்கிறாள்.

தைலம் தனியாகப் பார்சலில் வருகிறது. அத்தானை அளவாகத் தேய்க்கச் சொல்.

பிலோமி


போர்ட்ஸ்மவுத்
20-1-1983

பிலோமி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயா? உன் கடிதத்தில் ஜரீனா இருக்கிறாள், சைக்கிள் கொட்டகை இருக்கிறது. நான் கேட்ட இருமல் எங்கே? சின்ன வயதில் நெல்மூட்டையைத் தூக்கி என்மேல் போட்டவளுக்கு மூங்கில் கழியா கனக்கிறது?

அத்தான் பழைய அகராதியைப் புரட்டி ஒரு சொல் கண்டுபிடித்தார். கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்பதற்குத் தமிழ். அது கல்தானாம், ஆனால் உரித்தால் நாராகப் பிரியுமாம், அடித்தால் பஞ்சாகுமாம். சிமெண்டில் கலந்தால் உன் கூரைத் தகடு. இரண்டும் ஒன்றுதான், முட்டாளே. வெளுத்ததெல்லாம் பாலும் இல்லை, மெத்தென்றதெல்லாம் பஞ்சும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல. டாலி அம்மாளுக்குத் தெரிந்த ஒரு பெண் கப்பலில் காலே வைத்ததில்லை. புருஷனின் வேலை உடுப்பை உதறித் துவைத்தாள், அவ்வளவுதான். அவளுக்கும் அதே நோய் வந்தது. நீ உன் வீட்டுக்காரர் சிலுவைராஜ் தம்பியின் உடுப்பைத் தாழ்வாரத்தில் உதறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சாக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று தம்பியைப் பார்த்துவரச் சொல். நீ டாக்டரிடம் போ. எனக்குப் பயமாக இருக்கிறது, பிலோமி. வெளிப்படையாகவே சொல்கிறேன்.

உன் பதிலுக்குத் தபால்காரனைப் பார்த்து நிற்கும்,
அக்கா


பூன் லே
17-3-1983

மரியாதைக்குரிய மதலேனா அக்காவுக்கும் அண்ணனுக்கும் சிலுவைராஜ் வணக்கம். இத்தனை நாள் பதில் இல்லாததற்கு மன்னியுங்கள். பிலோமி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உங்களுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதை இன்று மீறுகிறேன்.

அவளுக்கு நவம்பரிலிருந்தே இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். ஆளும் இளைத்துப் போனாள். போன வாரம் மாடி ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்திருக்கிறது என்றார்கள். வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். சீன டாக்டர். அங்கே மங்களம் என்று ஒரு தமிழ் நர்ஸ் பிள்ளைதான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னது. "பஞ்சு வேலை" என்றாள் பிலோமி. அதை மங்களம் "காட்டன்" என்று சொன்னது. அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எங்களுக்கு அது பஞ்சுதானே.

அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க அலமாரியைத் திறந்தபோதுதான் உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. அவள் எனக்குக் காட்டவே இல்லை. மறுநாள் பட்டறை ஸ்டோரில் ஒலி முகம்மதுவிடம் சாக்கில் உள்ளதைப் படிக்கச் சொன்னேன். "ஆஸ்பெஸ்டாஸ்னு போட்டிருக்கு. ஏன் லா, இத்தன வருசமா தெரியாதா?" என்றான்.

அந்தச் சொல்லை எழுதி வாங்கிப் போய் டாக்டரிடம் நீட்டினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, மங்களத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். பிறகு ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்து, உள்ளேயிருந்து சதைத் துணுக்கும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். புற்றுநோயா என்று தெரிய நாளாகும்.

அக்கா, அந்தச் சாக்கை வீட்டுக்குத் தூக்கிவந்தது நான். என் உடுப்பைத்தான் அவள் துவைத்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிலுவைராஜ்


போர்ட்ஸ்மவுத்
25-3-1983

சிலுவைராஜ் தம்பிக்கு. உங்கள் சத்தியத்தை மீறியதற்கு ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார். அதைப் பாவமென்று சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவே வேண்டாம்.

நீங்கள் திருடிக்கொண்டு வரவில்லை, குடித்துவிட்டு வரவில்லை. குடும்பத்துக்கு உழைத்துவிட்டு வந்தீர்கள். அது என்ன என்று சொல்லித் தர வேண்டியவர்கள் சொல்லவில்லை. அழுவதை நிறுத்திவிட்டு, டாலி அம்மாள் சொன்னபடி செய்யுங்கள். வேலை உடுப்பு இனி வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. பட்டறையிலேயே குளித்து மாற்றிக்கொண்டு வாருங்கள். வீட்டில் எங்கேயாவது மிச்சம் இருந்தால் துடைப்பத்தைத் தொடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடுங்கள். செசிலிக்கு அப்பா தெம்பாக இருக்க வேண்டும்.

கீழே இருப்பது பிலோமிக்கு. வாசித்துக் காட்டுங்கள்.

அடியே, என்னிடம் மறைத்தாயே, நான் உனக்கு யார்? அக்காவா, அடுத்த வீட்டுக்காரியா? அங்கே பறந்து வந்து உன் காதைத் திருக முடியவில்லை. அத்தான் தினமும் உனக்காகச் செபமாலை சொல்கிறார், முட்டி போட்டு. அந்த முட்டியோடு. எழுது.

மதலேனா


ஆஸ்பத்திரியிலிருந்து
6-4-1983

அக்கா, உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. படுக்கையிலிருந்து எழுதுவதால் கையெழுத்து கோணல். சுவாமியார் வார்டுக்கே வந்து நன்மை அப்பத்தை நாக்கில் வைத்தார். பக்கத்துக் கட்டில் ரத்தினம்மா, "எனக்கும் ஒண்ணு கேளுங்க" என்றாள். அவளுக்கு அதை அப்பளம் என்று நினைப்பு.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்டாய். உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிள் கொட்டகை, முயல்குட்டி எல்லாம் உனக்கு எழுதியதல்ல, எனக்கு நானே சொல்லிக்கொண்டது. வாய்விட்டுச் சொன்னால் வந்துவிடும் என்று இருந்தேன். இவரிடம் சொன்னால் அந்த மனுஷன் நொறுங்கிப் போவார் என்றும் தெரியும். நான் நினைத்தபடியேதான் ஆயிற்று. தினமும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை. டாக்டர் வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறேன், அவர் வேறு கட்டிலுக்குப் போனதும் உயிர் வருகிறது. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது, அக்கா. மோட்சத்தில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் செசிலிக்கு இன்னும் தலைபின்னத் தெரியாது. அதுதான் இருந்திருந்து மனதில் வருகிறது. எனக்கு ஏதாவது ஆனால் அவளை நீ அழைத்துக்கொள்வாயா? அந்தக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா?

பிலோமி


பூன் லே
15-4-1983

அக்கா! அக்கா! டிபி!

டிபிதான் எனக்கு! வெறும் டிபி!

சொல்கிறேன், கேள். செவ்வாய்க்கிழமை டாக்டர் நேராக என் கட்டிலுக்கு வந்தார். இவர் எழுந்து நின்றார். டாக்டர் ஏதோ நீளமாகச் சொன்னார். மங்களம் தமிழில் சொல்வதற்குள் இவருக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், மை வைஃப், தட் ஒன் காட் ஆர் நாட்?" என்று, அந்த நோய் இருக்கா இல்லையா என்பதைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார். டாக்டர் தலையை ஆட்டி, "நோ கேன்சர்" என்றார். அதற்கு மங்களம் வேண்டியிருக்கவில்லை. பிறகு அது என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மா, மனச தேத்திக்குங்க. ஒங்களுக்கு டிபி" என்றது.

இவர் "தேங்க் யூ லா, டாக்டர்!" என்று கத்திவிட்டார். டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ரத்தினம்மா எழுந்து உட்கார்ந்து, "டிபின்னு சொல்றாங்க, புருசனும் பொண்டாட்டியும் சிரிக்கிறீங்களே, புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள். நம் சித்தி வீட்டில் அந்தப் பெயரையே சொல்லாமல் பெரிய இருமல் என்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெரிய இருமல் எனக்கு வந்திருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, அக்கா.

அந்தச் சொல்லை இவர் கொண்டுபோய்க் காட்டியதால்தான் டாக்டர் அந்த நோயைக் குறிவைத்துத் தேடிப் பார்த்தாராம். இல்லை என்று அவர் சொல்வதை அதனால்தான் நம்ப முடிகிறது. ஆறு மாதம் மருந்து. தினமும் கிளினிக்குக்குப் போய் நர்ஸ் கண்முன்னால் விழுங்க வேண்டும். ஒரு மாத்திரை சிறுநீரை ஆரஞ்சுச் சாறு நிறமாக்கிவிடுகிறது. முதல் நாள் பார்த்து அலறிவிட்டேன். செசிலிக்கும் படம் எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது.

அன்றே இவருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில், உங்களுக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "நான் கேக்கல. ஒரு நாளைக்கு ஒரு நல்ல சேதி போதும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்தோஷத்தில் எழுத்தெல்லாம் ஆடுகிற,
பிலோமி


போர்ட்ஸ்மவுத்
24-4-1983

என் தங்கமே, உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் நான் போட்ட சத்தத்தில் அத்தான் படிக்கட்டில் ஓடி வந்தார். ஆமாம், ஓடி. அதற்கப்புறம்தான் முட்டி ஞாபகம் வந்து உட்கார்ந்தார்.

கோயிலில் நன்றிப் பூசை கேட்டேன். எதற்காக, என்ன கருத்துக்கு என்று எங்கள் வெள்ளைக்காரச் சுவாமியார் பேனாவும் கையுமாகக் கேட்டார். என் தங்கைக்குக் காசநோய் வந்ததற்கு என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். டாலி அம்மாளும் பூசைக்கு வந்திருந்தாள், கத்தோலிக்கப் பெண் அல்ல, இருந்தாலும். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதாள். தன் புருஷனுக்காகவும் அழுதிருப்பாள்.

இப்போது காதைக் கொடு. தம்பி முடிவைக் கேட்காமல் வந்ததை எழுதிவிட்டு நீ பாட்டுக்கு முடித்துவிட்டாய். அந்தத் தூளை அதிகம் தின்றவர் அவர்தான். கேட்காமல் இருந்தால் இல்லாமல் போய்விடாது. இப்படி உண்மைக்கு ஒளிவதுதான் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே என்று சொல்ல வந்தேன். டாக்டர் சொன்னபடியே செய்.

அக்கா


பூன் லே
24-7-1983

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும். நீண்ட நாள் எழுதவில்லை. திட்டாதே, இந்த முறை மறைக்க ஒன்றும் இல்லை. இவரை நகர்த்தத்தான் இவ்வளவு நாள். இன்றைக்கு ஓவர்டைம், நாளைக்குக் கப்பல் வருகிறது என்று ஒவ்வொரு சாக்காகச் சொன்னார். கடைசியில் ஒரு நாள், நீங்கள் போகாவிட்டால் நான் மாத்திரை விழுங்க மாட்டேன் என்று பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன். அலறிப் புடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார்.

இவருடைய நெஞ்சுக்கூட்டின் உள்சுவரில் திட்டுத் திட்டாகத் தடித்திருக்கிறது. அந்தத் தூள் போட்ட முத்திரை என்றார் டாக்டர். புற்றுநோய் அல்ல, இப்போது மூச்சுக்கும் பழுதில்லை. ஆனால் உள்ளே போனது போனதுதான், எடுக்க முடியாது. இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட அது வேலையைக் காட்டலாம், காட்டாமலும் போகலாம். சிகரெட்டை விட வேண்டும், வருஷாவருஷம் வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்த வேலையை இனித் தொடக் கூடாது என்றார். எனக்கும் வருஷாவருஷம் படம்.

வேலையை விட்டுவிட்டார், அக்கா. இப்போது பூன் லேயிலேயே பிஸ்கட் கிடங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறார். உடுப்பில் வெண்ணெய் வாசனை. பட்டறையில் கூட வேலை பார்த்த கோவிந்தசாமி, "பஞ்சுக்குப் பயந்தவன்டா நீ" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தானாம். போன ஞாயிற்றுக்கிழமை அவனே வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "அண்ணே, அந்தப் படம் எங்க எடுக்கிறாங்க?" என்று வாசலில் நின்றபடியே கேட்டான். இவர் மறுநாள் லீவு போட்டு அவனோடு போனார். நல்ல முடிவுதான் வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன்.

பிலோமி


பூன் லே
18-10-1983

அன்பு அக்கா, நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? நான் எப்படி இருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று கடைசி மாத்திரை. விழுங்கிவிட்டு எப்போதும் போல வாயைத் திறந்து காட்டினேன். நர்ஸ் என் அட்டையில் ஒரு கோடு போட்டு, படத்தையும் பார்த்துவிட்டு, "ஃபினிஷ் ஆயிருச்சு. நாளையில இருந்து நீங்க வர வேணாம்" என்றது. நான் நகரவில்லை. "போகலாம் லா, ஆன்ட்டி" என்று சிரித்தது. எத்தனை மாதமாக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து எங்கே போவது என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். மழை விட்டிருந்தது. சும்மா, ஒரு சோதனைக்கு, மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் வலது விலாவில் கத்தி குத்துகிற மாதிரி ஓர் இடம் வரும், அங்கே நின்றுவிடும். நேற்று அந்த இடம் வரவே இல்லை. மூச்சு போய்க்கொண்டே இருந்தது. நம்பாமல் மறுபடி இழுத்தேன். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர், இவளுக்கு என்ன என்று பார்த்தார். உன் டாலி அம்மாளின் புருஷனை நினைத்துக்கொண்டேன், முகம் தெரியாவிட்டாலும். வருஷாவருஷம் படம் எடுக்கிற அன்று எங்களுக்குப் பயம் வரத்தான் செய்யும், அது தெரிகிறது. அது அன்றைக்கு.

எங்கள் வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை, அக்கா. அடுத்ததும் வந்தது, அதையும் விட்டேன். வீட்டில் உலை வைக்க வேண்டும், செசிலி பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். எல்லாம் தெரிந்தும், மூச்சு விடுவதே வேலையாக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

உன் தங்கை,
பிலோமி